புது நாடகம் உருவாகும் விதம்

ஒரு சிறுகதையை எழுதி முடித்தவன் தன் மேசையின் மீதே அதன் கடைசிச் சொல்லைக் கண்டுவிடுகிறான். அச்சேறினாலும் ஏறாவிட்டாலும் அக்கதை முழுமை பெற்றதாகிறது. நாடகம் எழுதுவோனுக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. அவன் பேனாவைக் கீழே வைக்கும் வேளையில் நாடகம் பாதி வழியே வந்திருக்கிறது. அவன் எழுதிய சொற்களை ஒரு நடிகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் அதைக் கேட்டு நிற்க வேண்டும். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை ஓர் இயக்குநர் அளந்து தர வேண்டும். இவற்றையெல்லாம் முன்பின் அறியாத மக்கள் கூட்டம் ஒன்று இருளில் அமர்ந்து நோக்க வேண்டும். அப்பொழுதுதான் எழுதியவனுக்கே தான் எழுதியது யாதென்று விளங்கத் தொடங்குகிறது.

பல வேளைகளில் அது காலங்கடந்த விளக்கமாக முடிகிறது. முதல் மேடையேற்றத்தன்று இரண்டாம் அங்கம் தொய்வதைக் கண்டுகொண்ட ஆசிரியன் அதனைத் திருத்த விரும்புகிறான். ஆனால் மண்டபத்தின் வாடகை தீர்ந்துவிட்டது. நடிகர்கள் தத்தம் அலுவலகங்களுக்குத் திரும்பிவிட்டனர். மறுமுறை அந்நாடகம் மேடையேறும் என்பதற்கு உறுதியில்லை. நம் நாட்டில் எத்தனையோ நாடகங்கள் இவ்வாறு ஒருமுறை ஆடி மறைந்திருக்கின்றன. அவற்றுள் சில, இன்னும் இரண்டு மாத உழைப்பும் அறிவுள்ள துணை ஒன்றும் வாய்த்திருந்தால், நிலைத்து நின்றிருக்கக் கூடியவை.

இக்குறையைப் போக்குவதற்கென்றே பல நாடுகளில் நாடக வழிகாட்டித் திட்டங்கள் ஏற்பட்டுள்ளன. இளம் நாடகாசிரியர் சிலரையும் இளம் இயக்குநர் சிலரையும் தேர்ந்தெடுத்து, அனுபவம் முதிர்ந்த கலைஞர்களோடு சில வாரங்களோ மாதங்களோ இணைத்து, நடிகர்களையும் ஒத்திகைக்கு இடத்தையும் கொடுத்து, புது நாடகம் பொதுமக்கள் முன் வருவதற்கு முன்னரே அதனைச் சோதித்துத் திருத்த வாய்ப்பளிப்பது இத்தகைய திட்டங்களின் நோக்கம். இவை எவ்வாறு நடைபெறுகின்றன, இவற்றால் விளையும் நன்மை யாது, இவற்றில் மறைந்திருக்கும் ஆபத்து யாது என்பவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

மைசூர் நகரிலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும். அந்நகரின் மேற்குப் பகுதியில் விஜயநகர் என்னும் விரிந்த குடியிருப்பு உள்ளது. அங்கிருந்து ஹுணசூர் சாலை வழியே நகரின் நடுவை நோக்கி வருவோர் 'கலாமந்திரம்' என்னும் அரசினர் கலையரங்கத்தைக் காணலாம். அதன் வளாகத்துள் அமைந்திருப்பதே 'ரங்காயண' என்னும் நாடக நிலையம். மைசூருக்கும் சோதனை முயற்சிகளுக்கும் உள்ள உறவு பழையது. வானொலி நேயர்களுக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைத்து வானொலி நடத்தினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அங்கேதான் முதலில் வழங்கியது. பின்னர் அது நாட்டின் வானொலி முழுவதற்கும் உரிய பெயராயிற்று. வீட்டின் ஓர் அறையில் செய்து பார்த்த ஒன்று நாடு முழுவதும் பரவியது என்பதை, நாடக முயற்சிகளைப் பற்றி எண்ணும்போது நினைவிற் கொள்ளலாம்.

ரங்காயண நிலையத்தைக் கர்நாடக அரசு 1989-ஆம் ஆண்டில் நிறுவியது. அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் பி. வி. காரந்த். தென் கன்னட மாவட்டத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே வீட்டை விட்டுச் சென்று குப்பி வீரண்ணா நடத்திய புகழ்பெற்ற நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே பாட்டும் நடிப்பும் கற்றார். அவருடைய ஆற்றலைக் கண்ட வீரண்ணாவே அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்கச் செய்தார். காசி இந்து பல்கலைக்கழகத்தில் பயின்ற காரந்த், பின்னர் டில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காஸியின் மாணவரானார். காலப்போக்கில் அப்பள்ளிக்கே இயக்குநருமானார். ஒரு கம்பெனி முதலாளி தம்மிடம் வேலை செய்த பையன் ஒருவனின் திறமையைக் கண்டு, அவன் தம்மை விட்டுப் போவதற்கும் தாமே வழி செய்தார் என்பதே இவ்வரலாற்றில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது. வழிகாட்டுதலின் இலக்கணம் இதில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கர்நாடகத்தின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்களைத் தேர்ந்து, அவர்களுக்கு மாதச் சம்பளம் அளித்து, ஒரே இடத்தில் நீண்ட காலம் பயிற்சி தந்து, அவர்களைக் கொண்டே நாடகங்களை உருவாக்குவது என்பதே ரங்காயணத்தின் அமைப்பு. மாதச் சம்பளம் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நாடகக் கலையில் அதுவே பெரிய செய்தி. பகல் முழுதும் வேறு தொழில் செய்து, மாலை ஆறு மணிக்குக் களைத்து வரும் நடிகர் தம் பாடத்தை ஒப்பிப்பார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. காலையிலேயே உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும் முடித்து ஒத்திகைக்கு வரும் நடிகரிடம், "இக்காட்சியை வேறு விதமாகச் செய்து பார்ப்போம்" என்று ஓர் இயக்குநர் பத்து முறை கேட்கலாம். புது நாடகத்துக்கு வேண்டுவது அந்தப் பத்து முறைதான்.

இதன் பயனை 2010-ஆம் ஆண்டில் மைசூர் மக்கள் கண்டனர். குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' என்னும் பெரிய நாவலைக் கே. ஒய். நாராயணஸ்வாமி நாடகமாக்க, சி. பசவலிங்கய்யா இயக்கத்தில் ரங்காயண அதனை மேடையேற்றியது. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், இரவு தொடங்கி விடியும் வரையில், திறந்த வெளியில் நடந்தது அந்நாடகம். தெருக்கூத்தையும் யக்ஷகானத்தையும் விடிய விடியப் பார்த்துப் பழகிய நாட்டில் இது இயல்பே என்று சொல்லலாம். எனினும் ஒரு புதிய நாடகப் பிரதியை அவ்வளவு நீளத்துக்குத் தாங்கி நிற்க, ஒன்றாகப் பயின்ற நடிகர் குழுவும், அக்குழுவை நன்கறிந்த இயக்குநரும், இருவரையும் மனத்திற் கொண்டு எழுதும் ஆசிரியரும் தேவை. இம்மூவரும் ஓரிடத்தில் கூடுவது தற்செயலாக நிகழ்வதன்று.

நம் தமிழ் நாடகத்துக்கு இத்தகைய கூட்டு புதிதா என்று கேட்டால், இல்லை என்றே விடை சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனிகள் என வழங்கிய பாலர் நாடக சபைகளில் 'வாத்தியார்' என்றொருவர் இருந்தார். நாடகத்தை எழுதுபவரும் அவரே. பாட்டு அமைப்பவரும் அவரே. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உச்சரிப்புத் திருத்துபவரும் அவரே. 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அதன் வாத்தியாராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள், இவ்வரிசையில் தலை சிறந்தவர். டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அச்சபையில் சேர்ந்து அவரிடம் பயின்றனர். சிறுவன் சண்முகத்தை முன்னிட்டு அபிமன்யு நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, டி. கே. சண்முகம் பிற்காலத்தில் வியப்போடு நினைவு கூர்ந்திருக்கிறார். ஒரே இரவில் எழுத முடிந்ததற்குச் சுவாமிகளின் புலமை ஒரு காரணம். அப்பாத்திரத்தைத் தாங்கப் போகும் பையனின் குரல், மூச்சின் நீளம், நினைவாற்றல் ஆகியவற்றை அவர் அன்றாடம் கேட்டும் கண்டும் அறிந்திருந்தது மற்றொரு காரணம்.

1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரும் தம் சபை அங்கத்தினரை மனத்திற் கொண்டே பாத்திரங்களைப் படைத்தார். எழுதுவோனும் நடிப்போனும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் அது. ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. வாத்தியார் ஒருவரே நாடகாசிரியர். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சிறந்த நடிகர்களாயினர். ஆனால் நாடகம் எழுதும் கலையை அவரிடமிருந்து முறையாகப் பெற்றுக்கொண்டவர் மிகச் சிலரே. கம்பெனிகள் கலைந்தபோது அந்த வித்தையும் பெரும்பாலும் கலைந்து போயிற்று.

பின்னர் வந்தோர் இக்குறையை உணராமலில்லை. புதிய நாடகாசிரியர்களைக் கண்டுபிடிக்க டி. கே. எஸ். சகோதரர்களே நாடகப் போட்டி நடத்தினர். அதில் பரிசு பெற்றது அரு. ராமநாதன் எழுதிய 'இராஜராஜ சோழன்'. பரிசு கிடைத்தது 1940-களில். நாடகம் மேடையேறியதோ 1955-ஆம் ஆண்டில். போட்டி நடத்திய குழு புகழ் பெற்றது, தேர்ந்தெடுத்த நாடகமும் பிற்காலத்தில் பெரும் வெற்றி கண்டது, திரைப்படமாகவும் வந்தது. அத்தகைய நாடகத்துக்கே பரிசுக்கும் மேடைக்கும் இடையே இவ்வளவு காலம் கழிந்ததெனின், பரிசோடு நின்றுவிட்ட ஏனைய நாடகங்களின் கதி என்ன என்பதை நேயர்களே ஊகிக்கலாம். நல்ல பிரதியை அடையாளங்காட்டுவது போட்டியின் வேலை. அதை மேடைக்கு உரியதாக வளர்ப்பது வேறு வேலை. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அவ்வேற்பாட்டின் உயிர்நிலையை விளக்க, ஹிந்தி நாடக உலகிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். மோகன் ராகேஷ் எழுதிய 'லஹரோங் கே ராஜஹம்ஸ்' என்னும் நாடகம், புத்தரின் தம்பியாகிய நந்தனும் அவன் மனைவி சுந்தரியும் படும் மனப்போராட்டத்தைச் சொல்வது. 1966-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் 'அனாமிகா' என்னும் குழுவுக்காக ஷ்யாமானந்த் ஜாலான் அதனை இயக்க முற்பட்டார். நாடகம் முன்னரே அச்சேறியிருந்தது. ஆயினும் மூன்றாம் அங்கம் நிறைவு தரவில்லை என்பது ஒத்திகையில் வெளிப்பட்டது. ராகேஷ் கல்கத்தாவுக்கே சென்று, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே அவ்வங்கத்தைத் திரும்ப எழுதினார். தம் நூலின் புதிய பதிப்பில் அவ்வனுபவத்தை அவரே விரிவாக எழுதி வைத்தார். அச்சில் வந்துவிட்ட நாடகத்தை, அதுவும் பெயர் பெற்ற ஆசிரியர், நடிகர்களின் முன்னிலையில் மாற்றி எழுத முன்வந்தாரென்றால், அதற்கு அடக்கமும் வேண்டும், தன்னம்பிக்கையும் வேண்டும். அவரை அவ்வாறு எழுதத் தூண்டிய இயக்குநர் தாமே அந்த அங்கத்தை எழுதிக் கொடுத்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எந்த இடம் நிற்கவில்லை என்பதை ஒத்திகை காட்டியது. எவ்வாறு நிற்கச் செய்வது என்பதை ஆசிரியர் கண்டார்.

இப்பொழுது, நன்கு நடைபெறும் வழிகாட்டித் திட்டம் ஒன்றில் பணி எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் ஆசிரியர் தம் பிரதியின் முதல் வடிவத்தைக் கொணர்கிறார். வழிகாட்டி அதைத் தனியே படித்து, குறைகளின் பட்டியலோடு வருவதில்லை, கேள்விகளோடு வருகிறார். "இக்கதை இன்று மாலை ஏன் தொடங்குகிறது? நேற்று ஏன் தொடங்கவில்லை? இவள் இந்த அறையை விட்டு வெளியேறினால் எதை இழப்பாள்? இந்த உண்மையை இவர்களில் யார் முன்னரே அறிவார்?" என்னும் வகையில் அமைந்தவை அவை. இரண்டாவதாக, நடிகர்கள் வட்டமாக அமர்ந்து நாடகத்தை வாய்விட்டு வாசிக்கின்றனர். ஆசிரியர் அப்பொழுது வாய் திறப்பதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். மூன்றாவதாக, சில காட்சிகளை எழுந்து நின்று செய்து பார்க்கின்றனர். அதன்பின் ஆசிரியர் தனியே சென்று மீண்டும் எழுதுகிறார். இறுதியில், பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே, திரைச்சீலையோ ஒப்பனையோ இல்லாமல், ஒரு சிறு கூட்டத்தின் முன் நாடகம் வாசித்து நடிக்கப்படுகிறது.

இம்முறையால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பூர்வீக வீட்டை விற்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி நாடகம் எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மூத்த அண்ணன் கையெழுத்திடுமுன் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் புலம்புகிறார். மேசையில் எழுதியபோது ஆசிரியரின் கண்கள் கலங்கியிருக்கும். எழுந்து நின்று செய்து பார்க்கும் வேளையில், நடிகர் வசனத்தை மறந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டுகிறார். சாவி கைமாறும் அவ்வொலியில் இரண்டு பக்கமும் அடங்கிவிட்டதை அறையில் உள்ள அனைவரும் உணர்கின்றனர். அன்றிரவே ஆசிரியர் அவ்விரண்டு பக்கத்தையும் அடித்துவிடுவார். எத்தனை விமர்சனம் எழுதினாலும் அவரை இதற்கு இணங்கச் செய்திருக்க முடியாது. தம் கண்ணால் கண்டதால் இணங்கினார்.

லண்டன் நகரின் ராயல் கோர்ட் நாடக அரங்கில் 1958-ஆம் ஆண்டில் கூடிய எழுத்தாளர் குழு இவ்வுண்மையை விரைவிலேயே கண்டுகொண்டது. ஆர்னால்டு வெஸ்கர், எட்வர்டு பாண்டு, ஆன் ஜெல்லிகோ, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். கூட்டங்கள் வெறும் வாதங்களாக முடிவதைக் கண்ட அவர்கள், எதைப் பற்றியும் பேசிக் கொண்டிராமல் அதைச் செய்து காட்டுவது என்று முறையை மாற்றிக்கொண்டனர். அதே அரங்கு, புதிய நாடகங்களை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் காட்சி ஜோடனை இன்றி நடத்திப் பார்க்கும் வழக்கத்தையும் அக்காலத்தில் மேற்கொண்டிருந்தது. செலவு குறைவு, தோல்வி நேர்ந்தாலும் நஷ்டம் பெரிதில்லை. தோற்றுப் பார்ப்பதற்கு மலிவான இடம் ஒன்று நாடகாசிரியனுக்குத் தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1964-ஆம் ஆண்டில் தோன்றிய யூஜின் ஓநீல் நாடக நிலையம், ஆண்டுதோறும் நாடகாசிரியர் மாநாடு ஒன்றை நடத்தி வருகிறது. லாயிட் ரிச்சர்ட்ஸ் என்னும் இயக்குநர் 1968 முதல் 1999 வரை அதற்குத் தலைமை தாங்கினார். ஆகஸ்ட் வில்சன் என்னும் கறுப்பின எழுத்தாளரின் நாடகங்கள் சில அங்கே ஏற்கப்படாமல் திரும்பின. 1982-ஆம் ஆண்டில் அவருடைய 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' ஏற்கப்பட்டது. அங்கே திருத்தம் பெற்ற அந்நாடகம் இரண்டே ஆண்டுகளில் நியூயார்க் பிராட்வே அரங்குக்குச் சென்றது. இயக்கியவர் ரிச்சர்ட்ஸே. அவ்விருவரின் கூட்டு பல நாடகங்களுக்கு நீடித்தது. ஒரு கோடைக்கால முகாமில் ஏற்பட்ட உறவு, ஒரு நாட்டின் நாடக இலக்கியத்தில் முக்கியமான பகுதியாயிற்று.

இவ்வளவு நன்மை உள்ள முறையில் ஆபத்து எங்கே இருக்கிறது? துணை செய்பவரின் கை கனத்துவிடுவதில் இருக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. மத்திய சங்கீத நாடக அகாதெமி 1984-ஆம் ஆண்டில் இளம் நாடகக் கலைஞர்களுக்கு உதவியளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பத்தாண்டுகள் நடத்தியது. மரபு வழிக் கலைகளோடு தொடர்பு கொண்ட புதிய நாடகங்களைப் படைக்க இளம் இயக்குநர்களுக்குப் பொருளுதவி கிடைத்தது. மண்டல விழாக்களும், அவற்றில் தேர்ந்தவற்றுக்குத் தேசிய விழாவும் நடைபெற்றன. அதுவரை தலைநகரை எட்டிப் பார்க்காத பல மொழிகளின் இயக்குநர்கள் ஒருவரை ஒருவர் கண்டறிந்தனர். தெருக்கூத்தும் தேவராட்டமும் தோற்பாவையும் படித்தவர்களின் கவனத்துக்கு வந்தன. இவையெல்லாம் மறுக்கவொண்ணாத நன்மைகள்.

ஆனால் உதவி பெறுவதற்கு மரபுக் கலை ஒரு நிபந்தனையாகிவிட்டதால், கதைக்கு வேண்டுமோ வேண்டாமோ, பறையும் முகமூடியும் நாடகத்துள் நுழைந்தன என்று விமர்சகர் பலர் குறை கூறினர். நகரத்து அலுவலகம் ஒன்றில் இரு குமாஸ்தாக்களுக்கிடையே நிகழும் பொறாமையை எழுத விரும்பிய இளைஞனுக்கு அத்திட்டத்தில் இடம் எளிதில் கிடைக்காது. மேலும் உதவி இயக்குநருக்கே உரியதாக அமைந்தமையால், எழுதுவோன் பெரும்பாலும் அறைக்கு வெளியிலேயே நின்றான். நல்லெண்ணத்தோடு தீட்டிய திட்டமும், விடையை முன்கூட்டியே வகுத்துவிட்டால், அனைவரும் அவ்விடையையே எழுதத் தொடங்கிவிடுவர் என்பது இதனால் பெறப்படும் பாடம். தனி வழிகாட்டிக்கும் இது பொருந்தும். மாணாக்கனின் நாடகத்தில் தம் சொல் எத்தனை என்று எண்ணி மகிழும் ஆசான், தம் நாடகத்தையே இன்னொருவர் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தமிழில் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. காந்திகிராமத்தில் 1977-ஆம் ஆண்டில், தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சி முகாம், தமிழகத்தில் நவீன நாடகத்துக்கு ஒரு திருப்பமாயிற்று. அதே ஆண்டில் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். மறு ஆண்டில் மதுரையில் மு. இராமசுவாமி நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். 1978-ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985-ஆம் ஆண்டில் க. சிதம்பரநாதன் இயக்கத்தில் மேடையேறி, போரின் நிழலில் வாழ்ந்த மக்களின் துயரத்தை அவர்கள் முன்னிலையிலேயே பேசியது. எழுதும் மூத்தவரும் இயக்கும் இளையவரும் ஒருவர் மீது ஒருவர் நம்பிக்கை வைத்தமையால் கைகூடிய நாடகம் அது.

பிற்காலத்தில், ராயல் கோர்ட் அரங்கின் துணையோடு மும்பையில் 'ரேஜ்' என்னும் குழு நாடகாசிரியர் பட்டறைகளை நடத்தியது. சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர் அத்தகைய பயிற்சிகளில் பங்குகொண்டு 'ஃப்ரீ அவுட்கோயிங்' என்னும் ஆங்கில நாடகத்தை எழுதினார். சென்னைக் குடும்பம் ஒன்றில் மகளைப் பற்றிய ஒளிப்பதிவு ஊரெங்கும் பரவியதால் தாய்க்கு நேரும் இக்கட்டைச் சொல்லும் அந்நாடகம், 2007-ஆம் ஆண்டில் ராயல் கோர்ட்டில் அரங்கேறியது. நம் தெருவில் நடக்கும் கதை, நம் ஊர் எழுத்தாளர் எழுதியது, முதன்முதலில் மேடையேறியது லண்டனில். அவருடைய வெற்றியில் நாம் மகிழ வேண்டும். அத்துடன், தமிழிலேயே எழுத விரும்பும் அடுத்த எழுத்தாளருக்குப் பிரதி எழுதும் நாளிலிருந்து மேடையேறும் நாள் வரையில் துணை நிற்கும் அரங்கு நம்மிடையே எங்கே உள்ளது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தகைய ஏற்பாட்டுக்கு மாளிகை தேவையில்லை. கர்நாடகத்தின் சாகர வட்டத்தில் உள்ள ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே. வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் வளர்த்த 'நீநாசம்' அமைப்பு, 1980-ஆம் ஆண்டில் ஒரு நாடகப் பயிற்சி நிலையத்தையும் 1985-ஆம் ஆண்டில் 'திருகாட' என்னும் சுற்றுப்பயண நாடகக் குழுவையும் தொடங்கியது. பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து ஆண்டுதோறும் புதிய நாடகங்கள் மாநிலமெங்கும் செல்கின்றன. மைசூரில் ரங்காயணத்தைத் தவிர, மண்டிய ரமேஷ் வளர்த்த 'நடனா' போன்ற அமைப்புக்களும் சொந்த முயற்சியால் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்கின்றன. விஜயநகர் போன்ற ஒரு குடியிருப்பில், அலுவலகம் முடிந்து வரும் இளைஞன் மிதிவண்டித் தூரத்தில் ஒரு நாடகக் குழுவைக் காண முடிகிறது என்பதே அந்நகரின் செல்வம்.

நம் ஊர்களில் இதைச் செய்ய விரும்பும் சபைகளும் கல்லூரிகளும் நான்கு காரியங்களை மனத்திற் கொண்டாற் போதும். முதலாவது, காலம். ஒரு நாடகத்துக்குக் குறைந்தது மூன்று மாதமாவது இடைவெளி விட்டு, இருமுறை திருத்தி எழுத வாய்ப்பளிக்க வேண்டும். இரண்டாவது, ஊதியம். ஆசிரியருக்கும் இயக்குநருக்கும் மட்டுமேயல்லாமல், வாசித்துக் காட்டும் நடிகருக்கும் சிறு தொகையேனும் தர வேண்டும். இலவசமாக வருபவரை இரண்டாம் முறை அழைப்பது கடினம். மூன்றாவது, இணை. நாடகாசிரியரையும் இயக்குநரையும் தொடக்கத்திலேயே ஒன்று சேர்க்க வேண்டும். எழுதி முடித்த பின் இயக்குநரைத் தேடுவது, வீடு கட்டி முடித்த பின் கொத்தனாரிடம் யோசனை கேட்பது போலாகும். நான்காவது, உரிமை. வழிகாட்டி எவ்வளவு உதவினாலும் கடைசிச் சொல் எழுதியவருடையதே என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நான்கனுள் கடைசியானதற்குச் செலவே இல்லை. ஆயினும் கடைப்பிடிக்க மிகக் கடினமானது அதுவே.

குப்பி வீரண்ணா தம் கம்பெனியிலிருந்து ஒரு பையனைக் காசிக்கு அனுப்பியபோது, அவன் திரும்பி வந்து தம் நாடகங்களையே ஆட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தால், கன்னட மேடைக்கு ஒரு நல்ல நடிகர் கிடைத்திருப்பார். அவர் விட்டுக்கொடுத்ததால், பல ஆண்டுகள் கழித்து, மைசூரின் ஹுணசூர் சாலையில் ஒரு நாடக நிலையமே எழுந்தது. தம்மிடம் வந்த இளைஞனின் நாடகம் தம் நாடகத்தைப் போல் அமையாதிருப்பதைக் கண்டு மகிழ்கின்ற மூத்தவர்கள் தமிழ் நாட்டிலும் பலர் இருக்கின்றனர். அவர்களையும் அவ்விளைஞனையும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்த்தி, ஒத்திகைக்கு ஓர் அறையைத் திறந்துவிடுவதே நாம் செய்ய வேண்டியது.